மறைந்த டீச்சர் நாலு மணிக்கு வருகிறார்

“செத்துப்போனவங்க எப்படி மேஸ்திரி பஸ்ஸுல வருவாங்க?”

சுமைதூக்கி கையிலிருந்த நாற்காலியை அப்படியே கீழே வைத்தார். கிடங்குச் சங்கத்தின் கூடத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்த மேஸ்திரி பிடரியைச் சொறிந்தார்.

“கண்ணால பார்த்துட்டு வர்றேன்யா. ‘நாலு மணிக்கு விழாவுக்கு வர்றேன்’னு அவங்க வாயாலேயே சொன்னாங்க. மகளும் கூட வருதாம்.”

“நான் வெளியூர்ல இருந்தப்போ, அடக்கத்துக்குப் போயிட்டு வந்தேன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“போனேன். அது தையல் டீச்சர் போல இருக்கு. ரெண்டு பேரும் ஒரே கட்டடத்துலதானே பாடம் எடுத்தாங்க? அந்தக் கூட்டத்துல முகத்தை யாரு பார்த்தா?”

மூலையில் நூறு புத்தகங்கள் கட்டுக்கட்டாக இருந்தன. சுமைதூக்கி எழுதிய முதல் கதைத் தொகுப்பு; அன்று மாலை அதன் வெளியீட்டு விழா. அதில் மூன்றாம் பக்கம் முழுக்க டீச்சர்தான். ‘மறைந்த என் ஆசிரியைக்கு’ என்று அது தொடங்கியது.

நாற்பத்திரண்டு வயதுவரை கூலிப் பதிவேட்டில் கட்டைவிரலை உருட்டிக்கொண்டிருந்தவர் அவர். மாலை வகுப்பில் டீச்சர்தான் பென்சில் பிடிக்க வைத்தார். மூட்டை தூக்கிப் பழகிய கை அழுத்துகிற அழுத்தில் முனை பட்டென்று ஒடியும். டீச்சர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அடுத்த பென்சிலைச் சீவி நீட்டுவார். முதன்முதலாகச் சொந்தமாக நாலு வரி எழுதிக் காட்டியபோது, படித்துவிட்டு, “மீதி எங்கே?” என்று மட்டும் கேட்டார்.

அந்த மீதிதான் இந்தப் புத்தகம். அப்பேர்ப்பட்டவரின் கையிலேயே அவருடைய இரங்கல் செய்தியைக் கொடுப்பதா?

மணி ஒன்றரை. பேனாவை எடுத்து ‘மறைந்த’ என்ற சொல்லை அடித்தார். பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாள் மனைவி.

“ஒரு வார்த்தையை அடிச்சா ஆச்சா? கீழே, மண்ணுக்குள்ள தூங்கறாங்கன்னு இருக்கே.”

அதையும் அடித்தார்.

“அதுக்குக் கீழே, இனி அந்தக் குரலைக் கேட்கவே முடியாதுன்னு.”

அதையும் அடித்தார். பத்துப் புத்தகங்களில் அடித்து முடித்தபோது, மை ஊறிப் பின்பக்கத்துப் பொருளடக்கம் முழுவதும் கறுத்திருந்தது.

“எழுதத் தெரியாத வரைக்கும் நீங்க யாரையும் கொன்னதில்லை,” என்றாள் மனைவி.

“பேசாம இருடி. தாளையே கிழிச்சுடறேன்.”

கிழித்தார். சுலபமாக வந்தது. முப்பது புத்தகங்களை வேகவேகமாக முடித்துவிட்டு நிமிர்ந்தபோது, மேஸ்திரி ஒரு பிரதியைத் தலைகீழாகப் பிடித்து உதறிக்கொண்டிருந்தார். இன்னொரு தாள் நழுவி விழுந்தது.

“என்னய்யா இது, பதின்மூணாம் பக்கம் தனியா வருது?”

அப்போதுதான் உறைத்தது. ஒரே தாளை மடித்து நடுவில் தைத்திருந்தார்கள். மூன்றாம் பக்கத்தைக் கிழித்தால், அதன் மறுபாதியான பதின்மூன்றாம் பக்கத்துக்குப் பிடிப்பு இல்லை. முதல் கதையின் முடிவு அதில்தான் இருந்தது.

“முடிவு இல்லேன்னா என்ன? படிக்கறவங்களே யோசிச்சுக்கட்டும்,” என்று தேற்றினார் மேஸ்திரி.

“நீங்க வாயைத் திறக்காதீங்க மேஸ்திரி. நீங்க திறந்ததுலதான் அவங்க செத்தாங்க.”

மீதி அறுபதுக்கு மனைவி ஒரு வழி சொன்னாள். வெள்ளைத் தாளை வெட்டி அந்தப் பக்கத்தின் மேல் ஒட்டிவிடலாம். சரக்குச் சீட்டு ஒட்டும் பசை கிடங்கில் வாளி வாளியாக இருந்தது. மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து ஒட்டினார்கள். ஒட்டியதை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். அடுக்கிய பாரத்தில் பசை பிதுங்கி, இரண்டாம் பக்கமும் மூன்றாம் பக்கமும் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டன. மூட்டைக்கென்றே காய்ச்சிய பசை; மழையில் நனைந்தாலும் விடாது.

மணி நாலு. வாசலில் நிழல் ஆடியது.

டீச்சர் மெலிந்திருந்தார். மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தார். சுமைதூக்கிக்குக் கண் நிறைந்துவிட்டது. உயிரோடு இருக்கிறார். அதுவே போதும் போலிருந்தது. அடுக்கிலேயே சுமாரான ஒரு பிரதியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

டீச்சர் முன்வரிசையில் உட்கார்ந்து அட்டையைத் தடவிப் பார்த்தார். முதல் பக்கத்தைத் திருப்பினார். அடுத்த தாளும் அதோடு ஒட்டியே வந்தது. நகத்தால் நெம்பினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி நெம்பினார்.

அதற்கு மேல் சுமைதூக்கியால் தாங்க முடியவில்லை. காலடியில் உட்கார்ந்துவிட்டார்.

“மன்னிச்சுடுங்க டீச்சர். நீங்க இறந்துட்டதா நினைச்சு ஒரு பக்கம் எழுதிட்டேன். உங்க கண்ணுல படக்கூடாதுன்னு…”

“எடுத்துட்டியாப்பா?”

“எடுத்துட்டேன் டீச்சர்.”

“எல்லாத்துலயுமா?”

“ஒன்னு விடாம.” சொல்லும்போது அவர் நெஞ்சு லேசானது.

டீச்சரின் முகம் வாடிவிட்டது. புத்தகத்தை மெதுவாக மடியில் வைத்தார். மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க! இப்போ அம்மா அச்சகத்துலதான் பிழை திருத்தறாங்க; உங்க புத்தகத்தைத் திருத்தினதே அவங்கதான். ‘செத்தப்புறம் சொல்றதை உயிரோட இருக்கும்போதே படிச்சுட்டேன், இந்தப் பக்கத்துல யாரும் கை வைக்காதீங்க’ன்னு சொல்லிட்டு, அதை உங்க வாயால ஒரு தடவை கேக்கணும்னுதான் பஸ் ஏறி வந்திருக்காங்க!”