இரண்டு கட்டில், இரண்டு பாட்டில்

"இந்த ஊசியை எப்ப எடுப்பீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சிஸ்டர். நான் சீக்கிரம் வீட்டுக்குப் போயாகணும்."

ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தவர் கையை நீட்டிக் காட்டினார். கையில் ஊசி, ஊசியிலிருந்து குழாய், குழாயின் மறுமுனையில் கம்பியில் தொங்கும் உப்புநீர்ப் பை. எங்கேயோ மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அவர் பேசுகிற தோரணையே போதுமாக இருந்ததால் வார்டு முழுக்க மேனேஜர் என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டது.

"அப்படி என்ன அவசரம் உங்களுக்கு?" என்றார் சிஸ்டர்.

மேனேஜர் பக்கத்துக் கட்டிலை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அவர் என் சம்பந்தி. என் பையனுக்குப் பொண்ணு குடுத்தவர். ரெண்டு பேரும் ஒண்ணா வந்து படுத்துட்டோம், சரி. ஆனா அவர் எனக்கு முன்னாடி எழுந்து போயிட்டா நல்லாவா இருக்கும்? மாப்பிள்ளை வீட்டுக்காரன் நான்."

தாழ்த்திய குரலே வாசல் வரை கேட்டது. பக்கத்துக் கட்டில்காரர் தனக்குக் கேட்காதது போல மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

முந்தின நாள் ஒரே விருந்தில், ஒரே பாத்திரத்திலிருந்து சாப்பிட்டு, ஒரே மாதிரி வாந்தியும் பேதியுமாக, ஒரே காரில் வந்து சேர்ந்தவர்கள் இவர்கள். முதலில் ஜன்னலோரக் கட்டில் சம்பந்திக்குத்தான் கிடைத்தது. "எனக்குக் காத்து வேணுமே சம்பந்தி," என்றார் மேனேஜர். "எடுத்துக்கங்க சம்பந்தி," என்று அவர் இறங்கிக்கொண்டார். அப்புறம் அவருடைய தலையணை போயிற்று. அப்புறம் போர்வை. படித்துக்கொண்டிருந்த பேப்பர் பாதிச் செய்தியில் போயிற்று. எல்லாவற்றுக்கும் அதே "எடுத்துக்கங்க சம்பந்தி"தான். அவர் வேறு எதுவும் பேசி யாரும் கேட்டதில்லை. மேனேஜர் கூப்பிட்டுக் கூப்பிட்டு, வார்டுக்கும் அவர் சம்பந்தி ஆகிவிட்டார்.

சிஸ்டருக்கு வார்டுப் பொறுப்பு கிடைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. நல்ல கைராசிக்காரர். அவரிடம் ஒரே ஒரு பழக்கம்: யாராவது ஏன் என்று கேட்டுவிட்டால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

இப்போதும் உட்கார்ந்தார்.

"நல்லா கேட்டுக்கங்க சார். வாந்தி பேதியில வெறும் தண்ணி மட்டும் போறதில்ல. தண்ணியோட உப்பும் போகுது. சோடியம், பொட்டாசியம்னு சொல்லுவோம். கெண்டைக்கால் இழுத்துப் பிடிச்சுதுன்னு நேத்து கத்தினீங்களே, அது இதனாலதான். சதை அசையறதுக்கும் இதயம் துடிக்கறதுக்கும் அந்த உப்பு வேணும். ரொம்பக் கம்மியானாலும் வம்பு, ரொம்பக் கூடினாலும் வம்பு. அதான் அளந்து அளந்து ஏத்தறோம்."

"ஏத்தியாச்சு இல்ல? எடுங்க."

"ஏத்தினது போதுமான்னு எப்படித் தெரியும்? கிட்னியைத் தொறந்து பார்க்க முடியாது. ஆனா அது பதில் சொல்லும். உடம்புல தண்ணி கம்மின்னா கிட்னி மகா கஞ்சன். சொட்டுக்கூட வெளிய விடாது. போதுமான தண்ணி வந்துடுச்சுன்னு அதுக்கு நம்பிக்கை வந்ததும் தாராளமாயிடும். அதுக்குத்தான் உங்க ரெண்டு பேருக்கும் பாத்ரூம்ல ஆளுக்கொரு அளவு பாட்டில் வெச்சிருக்கேன். ஒரு சொட்டு வீணாக்காம அதுல பிடிக்கணும்."

"அப்ப பாட்டில் நிறைஞ்சா ஊசியை எடுத்துடுவீங்க?"

"நடுக்கோட்டைத் தாண்டட்டும். நானே டாக்டர்கிட்ட சொல்றேன்."

மேனேஜர் கட்டிலிலிருந்து காலைக் கீழே போட்டார். பிறகு, "சம்பந்தி, பாத்ரூம் வரைக்கும் துணைக்கு வாங்க. இந்தக் கம்பியை யாராவது தள்ளணும்," என்றார். சம்பந்தி தன் கம்பியை ஒரு கையாலும் அவர் கம்பியை ஒரு கையாலும் உருட்டிக்கொண்டு பின்னால் போனார்.

மதியம் அளந்து பார்த்தபோது சிஸ்டருக்குச் சந்தோஷம். மேனேஜரின் பாட்டில் நடுக்கோட்டைத் தாண்டி, கழுத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

சம்பந்தியின் பாட்டில் காய்ந்திருந்தது.

"உங்களுக்கு வரவே இல்லையா?"

"அவருக்குக் கூச்ச சுபாவம் சிஸ்டர்," என்றார் மேனேஜர். "பொது இடத்துல வராது."

சம்பந்தி மறுபடியும் மேலே பார்க்க ஆரம்பித்தார்.

சிஸ்டர் பெரிய டாக்டரிடம் போனார். டாக்டர் கணக்குப் பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார். "மேனேஜருக்கு நாம ஏத்தினதைவிட வெளிய வந்தது அதிகமா இருக்கே. கிட்னி தண்ணியைப் பிடிச்சு வைக்க முடியாம விடுது. இப்படியே போனா மறுபடியும் காஞ்சு போயிடுவார். ஊசியை எடுக்காதீங்க. வெளிய போறதுக்கு ஈடா இன்னும் ஏத்துங்க. ரத்தத்துல உப்பு எவ்வளவு இருக்குன்னு அடிக்கடி பாருங்க."

"சம்பந்திக்கு?"

"அவருக்குத் தண்ணி பத்தல. அவருக்கும் ஏத்துங்க."

மேனேஜரின் இன்னொரு கையிலும் ஊசி ஏறியது. பரிசோதனைக்கென்று ரத்தமும் எடுத்தார்கள். மேனேஜருக்கு மூக்கு விடைத்தது.

"கோட்டைத் தாண்டினா எடுத்துடறேன்னீங்க. தாண்டியாச்சு. இப்ப இன்னொண்ணு போடறீங்க."

"இன்னும் கொஞ்சம் பொறுங்க சார். அளவு சரியா வரல."

மேனேஜர் இதற்குத் தன் வழியில் அர்த்தம் எடுத்துக்கொண்டார். "இன்னும் பத்தலையாம். வாங்க சம்பந்தி," என்று புறப்பட்டார். மூன்று கம்பிகளையும் சம்பந்திதான் தள்ளினார்.

மாலையில் மேனேஜரின் பாட்டில் ததும்பியது. சம்பந்தியுடையது காலையில் வைத்த மேனிக்கு இருந்தது.

"சிஸ்டர், பாட்டில் மாறிப் போயிருக்குமோ?" என்றாள் உதவிக்கு இருந்த சின்ன சிஸ்டர். கண்ணாடிக்குப் பின்னால் எப்போதும் ஒரு சந்தேகம் வைத்திருக்கும் பெண்.

"மாறினா இவருது அவருதாத் தெரியும், அவருது இவருதாத் தெரியும். அப்பவும் ஒண்ணு காலியாதானே இருக்கு? ரெண்டு பேர் போற இடத்துல ஒரு பாட்டில் மட்டும் எப்படிடி நிறையும்?"

இந்தக் கேள்வியின் வாசலில் சிஸ்டர் ஒரு நிமிடம் நின்றார். உள்ளே போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அதற்குள் யாரோ கூப்பிட்டார்கள்.

இருந்தாலும் எதற்கும் ஆகட்டும் என்று மேனேஜரின் பாட்டிலில் சிவப்புப் பட்டையும் சம்பந்தியின் பாட்டிலில் நீலப் பட்டையும் ஒட்டினார். பட்டை ஒட்டிய பிறகும் சிவப்பு நிறைந்தது, நீலம் காய்ந்தது.

அடுத்த சந்தேகம் சொட்டுச் சொட்டாக ஏறுகிற உப்புநீரின் மேல் விழுந்தது. சம்பந்தியின் ஊசி நரம்பை விட்டு நழுவியிருந்தால், ஏறுகிற நீர் ரத்தத்துக்குப் போகாமல் தோலுக்கடியில் தேங்கும். கை வீங்கி, தொட்டால் குளிர்ந்திருக்கும். சிஸ்டர் தொட்டுப் பார்த்தார். வீக்கமும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. பையை உயர்த்தினார், சொட்டு வேகமாக விழுந்தது. குழாயிலுள்ள சக்கரத்தை உருட்டினார், மெதுவாக விழுந்தது. எல்லாம் ஒழுங்காகவே வேலை செய்தன. அப்படியானால் இந்த மனிதருக்குள் போகிற தண்ணீரெல்லாம் எங்கேதான் போகிறது?

"நாக்கை நீட்டுங்க."

சம்பந்தி நீட்டினார். நாக்கு பளபளவென்று ஈரமாக இருந்தது. உடம்பு காய்ந்தவருக்கு நாக்கு இப்படி இருக்காது.

மறுநாள் காலை இரண்டு பேரையும் எடை பார்த்தார். எடை இயந்திரத்தின் மேல் சிஸ்டருக்குத் தனி மரியாதை உண்டு. பாட்டில் சிந்தலாம், ஆள் மறந்துபோகலாம். ஆனால் ஒரு லிட்டர் தண்ணீர் உடம்பில் கூடினால் ஒரு கிலோ கூடியே தீரும். இதில் ஏமாற்ற முடியாது.

லிட்டர் கணக்கில் நீர் இழந்துகொண்டிருக்கிற மேனேஜர் எடை கூடியிருந்தார். முகம் உப்பி, மோதிரம் விரலில் புதைந்திருந்தது. சொட்டுக்கூட வெளியே விடாமல் பை பையாகக் குடித்துக்கொண்டிருக்கிற சம்பந்தியின் எடை நேற்று இருந்ததுபோலவே இருந்தது.

"மிஷின் கெட்டுப் போச்சு," என்றாள் சின்ன சிஸ்டர்.

சிஸ்டர் தானே ஏறிப் பார்த்தார். கெடவில்லை. அது அவருக்கு வேறொரு வகையில் வருத்தமாக இருந்தது.

பெரிய டாக்டர் வந்தார். கணக்கைப் பார்த்தார், மேனேஜரின் உப்பிய முகத்தைப் பார்த்தார், ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தார்.

"ரத்தத்துல உப்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. உங்க பாட்டில் கணக்குப்படி இந்த ஆள் இந்நேரம் கருவாடா ஆகியிருக்கணும். இவரு பூரிச்சுப் போய் உக்காந்திருக்காரு."

"நான்தான் டாக்டர் ஒவ்வொரு தடவையும் அளந்தேன். என் கண்ணால பார்த்து."

"அதான் எனக்குக் கவலையா இருக்கு." டாக்டர் கோபமாகப் பேசவில்லை, அதனால் கூடுதலாக உறுத்தியது. "மேனேஜருக்கு ஏத்தறதை உடனே நிறுத்துங்க. கீழ அனுப்பி கிட்னியை ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்க. இன்னொருத்தருக்கு நேத்துலேர்ந்து ஒரு சொட்டுகூட வரல, அது விளையாட்டில்ல. டியூப் போட்டுப் பாருங்க. அதுலயும் வரலேன்னா கிட்னி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாம், ரத்தத்தைச் சுத்தம் பண்ற மிஷின் அங்கதான் இருக்கு. வண்டிக்குச் சொல்லிடுங்க." வாசலில் நின்று திரும்பினார். "ரெண்டு பேருக்கு என்ன போச்சு என்ன வந்துச்சுன்னு அளக்கறதுலயே இவ்வளவு குழப்பம்னா, வார்டுப் பொறுப்பை யார்கிட்ட குடுக்கறதுன்னு நான் மறுபடி யோசிக்கணும் சிஸ்டர்."

மேனேஜரைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கீழே கொண்டுபோனார்கள். போகிற வழியெல்லாம், "ஒரு ஊசி எடுக்கச் சொன்னா ஊரையே கூட்டறாங்க," என்ற குரல் கேட்டுக்கொண்டே போனது. இறங்கும்போது சம்பந்தியின் செருப்பையும் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

சிஸ்டர் டியூப் தட்டோடு வந்து திரைச்சீலையை இழுத்து மூடினார். சம்பந்தி தட்டைப் பார்த்தார். அதில் இருந்த குழாயின் நீளத்தைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் முறையாக அவரே வாய் திறந்து ஒரு கேள்வி கேட்டார்.

"இது எதுக்குங்க?"

வேறு நேரமாக இருந்தால் சிஸ்டர் நாற்காலியைத் தேடியிருப்பார். இன்று நின்றபடியே சொன்னார். "உங்களுக்கு நேத்துலேர்ந்து மூத்திரம் வரல. மூத்திரப் பையில தேங்கியிருந்தா இந்த டியூப் வழியா வந்துடும். பையும் காலின்னா கிட்னி வேலை செய்யலைன்னு அர்த்தம். கீழ வண்டி நிக்குது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"டியூபை எங்கங்க போடுவீங்க?"

சிஸ்டர் எங்கே என்று சொன்னார்.

சம்பந்தி போர்வையைத் தேடினார். அது ஜன்னலோரக் கட்டிலில் இருந்தது. தலையணையைத் தேடினார். அதுவும் அங்கேதான் இருந்தது. இரண்டு கைகளையும் மடியில் குவித்து வைத்துக்கொண்டார்.

சிஸ்டர் அவருடைய அடிவயிற்றை மெல்ல அழுத்திப் பார்த்தார். பை நிறைந்திருந்தால் பந்துபோல மேலெழும்பி நிற்கும். இங்கே வயிறு தட்டையாக, மெத்தென்று இருந்தது. நிஜமாகவே காலி. ஈர நாக்கு, மாறாத எடை, தெளிவான முகம். ஒரு நாள் முழுக்கப் பை பையாக ஏற்றியும் ஒரு சொட்டு இல்லை. தன் பொறுப்பு போனால் போகிறது, இந்தச் சாதுவான மனிதரின் கிட்னி போய்விட்டதே என்று சிஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஐயா, உங்க பொண்ணு வயசுன்னு நினைச்சுக்கிட்டுச் சொல்லுங்க. கூச்சப்படாதீங்க. நேத்துலேர்ந்து உங்களுக்கு ஒரு தடவைகூட வரலையா?"

சம்பந்தி திரைச்சீலையை விலக்கி, ஜன்னலோரக் கட்டில் காலியாக இருப்பதை உறுதி செய்துகொண்டார். பிறகு மிகவும் தணிந்த குரலில் சொன்னார்.

"வந்ததெல்லாம் சம்பந்தி பாட்டில்லதான் விட்டேங்க, அவர் வாயைத் திறந்து கேட்டுட்டாரு, பொண்ணையே குடுத்தவன் இதைக் குடுக்க மாட்டேன்னா சொல்ல முடியும்?"