தண்ணீர்கூடத் தொடாத விருந்தாளிகள்

வந்த மூன்று பேரும் மோரை வாங்கினார்கள். வாயில் வைக்காமல் அப்படியே கீழே வைத்தார்கள்.

ஜெகன் அந்த டம்ளர்களையே பார்த்தான். உத்திரமேரூரில் அந்த வீட்டு வாசலில் 'வித்தியாசமான வார இறுதி' என்று பலகை மாட்டி, பட்டணத்துக்காரர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டிச் சோறு போடும் தொழிலைத் தொடங்கியவள் அவன் மனைவி திவ்யா. அவள் இறந்துபோய் ஒன்றரை வருடம். அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை. இவர்கள்தான் முதல். இவர்களும் முகம் சுளித்துப் போனால், கடையைக் கட்டிவிட்டுச் சென்னைக்கு வேலைக்குப் போய்விடுவதாக முடிவு செய்திருந்தான். மாமியார் ராணியம்மாள் இங்கே தனியாகக் கிடக்க வேண்டியதுதான். திவ்யா அவளுக்கு ஒரே மகள்; வேறு நாதியில்லை.

"சமையல்கட்டு நாறுதா அத்தை?"

"இன்னா பேச்சு மாப்ள இது! காலைலேர்ந்து கழுவிக்கினுதான் கீறேன். நீங்க போய் அவங்களுக்கு ஊரச் சுத்திக் காட்டுங்க."

கல்வெட்டுக் கோயிலுக்குக் கூட்டிப்போனான். தாம்பரத்து ஏகாம்பரம், அவர் மனைவி, மகள் வளர்மதி. கொண்டுவந்த பாட்டில் தண்ணீரைத்தான் குடித்தார்கள்.

"ஆயிரம் வருசம் முன்னாடி இங்க குடத்துல ஓலை போட்டு மெம்பர் எடுத்தாங்க சார். சொந்த நிலம் இருக்கணும். சொந்த மனைல வூடு இருக்கணும். முப்பத்தஞ்சு வயசு ஆயிருக்கணும்."

"உங்களுக்கு இதெல்லாம் கீதா தம்பி?"

"ஒன்றரை ஏக்கர் கீது சார். வூடு சொந்தம். வயசுதான் பத்தல, முப்பத்திரண்டு."

ஏகாம்பரம் மனைவியைப் பார்த்தார். மனைவி மகளைப் பார்த்தாள். மகள் கல்வெட்டைப் பார்த்தாள்.

போரடிக்கிறது என்று புரிந்துகொண்ட ஜெகன், மாட்டு வண்டியில் ஏற்றினான். பாதி வழியில் மாடு நடுரோட்டில் படுத்துக்கொண்டது. அவனும் அதன் பக்கத்தில் குந்திக்கொண்டான்.

"அடிக்க மாட்டீங்களா?" என்றாள் அந்த அம்மாள்.

"அடிச்சா மட்டும் எழுந்துக்குமா?"

"கோவமே வராதா உங்களுக்கு?"

"வந்து இன்னாம்மா பண்றது?"

மிச்ச தூரத்தை வெயிலில் நடந்தார்கள். குளிர்ச்சியாக ஏதாவது செய்ய வேண்டுமே என்று ஏரிக்குக் கூட்டிப்போய், லாரி டியூபில் எப்படி மிதப்பது என்று தானே ஏறிக் காட்டினான். டியூப் வெடித்தது. இடுப்பு வரை சேற்றில் நின்றான். அங்கேயே நின்றுவிடலாம் போலத்தான் இருந்தது.

வளர்மதி சிரித்துவிட்டாள். பிறகு துப்பட்டாவின் முனையை நீட்டினாள்.

"குடிப்பீங்களா தம்பி?" என்றாள் அம்மா.

"சேத்துல வுழுந்ததால கேக்கறீங்களா? அந்தப் பழக்கம்லாம் இல்லம்மா."

"நைட்டு தூக்கம் வருதா?" இது வளர்மதி.

"எப்பயாவது."

தன் முகம் அவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று அவனுக்குப் புரிந்தது.

கடைசி ஆயுதம் மதியச் சாப்பாடு. மீனா, கோழியா? திவ்யா ஏற்படுத்திய வழக்கப்படி, விருந்தாளிகள் ஓலை நறுக்கில் எழுதிக் குடத்தில் போட வேண்டும். மூவரும் போட்டார்கள். ஜெகன் கையை விட்டு எடுத்தான்.

மூன்றும் வெறும் ஓலை.

"எங்களுக்கு எதுவும் வேணாம் தம்பி. தப்பா நெனைக்காதீங்க" என்றார் ஏகாம்பரம்.

ஜெகன் அடுப்படிக்குப் போனான். "விட்டுடலாம் அத்தை. பலகையக் கயட்டிடறேன். நாளைக்கே கெளம்பறேன்."

"சாதம் கொதிச்சிக்கினு கீது. சித்த பொறுங்க மாப்ள."

"யாருக்கு அத்தை சாதம்? அவங்க தண்ணிகூடத் தொட மாட்டன்றாங்க."

அவன் ஏணியைச் சாத்தி ஏறினான். ஆணி துருப்பிடித்திருந்தது. உள்ளே மூன்று பேரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். நெட்டில் திட்டி எழுதுவதென்றால் எழுதிக்கொள்ளட்டும். பலகையின் ஒரு பக்கம் கழன்று தொங்கியது.

ஏகாம்பரம் கூடத்திலிருந்து அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்:

"ராணியம்மா, உங்க மாப்ளையப் பத்தி நீங்க போன்ல சொன்னதெல்லாம் நெசந்தான், எங்க பொண்ணுக்கு அவரப் புடிச்சுப்போச்சு. இலையப் போடுங்க, கை நனைச்சிட்டே கெளம்பறோம்!"