சுற்றிக் காட்டுகிறவரும் முறைத் தண்ணீரும்

ஊர் சுற்றிக் காட்டுகிறவர் என்று ஓர் இனம் உண்டு. மலை ஊரிலும் கடற்கரை ஊரிலும் இருப்பார்கள் என்றாலும், இந்த இனம் நன்றாகக் கொழுத்து வளர்வது பாலைவனத்தில்தான். காட்டுவதற்கு ஒன்றுமே இல்லாத இடத்தில்தானே காட்டுகிறவரின் திறமை வெளிப்படும்? சிலி நாட்டின் வடக்கே, அடகாமாவின் மணலுக்கும் உப்புக்கும் நடுவே, கொஞ்சம் மண் வீடுகளும் ஒரே ஒரு வாய்க்காலும் மட்டும் உள்ள எங்கள் சான்டா ரூஃபினாவில், இப்படி ஒருவர் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரராகவே வாய்த்திருக்கிறார். பெயர் எவரிஸ்டோ.

விருந்தாளி பேருந்திலிருந்து ஒரு காலைத் தரையில் வைத்ததும் எவரிஸ்டோ வந்து பெட்டியை வாங்கிக்கொள்வார். உதவி என்று நீங்கள் நினைப்பீர்கள். இல்லை, அது பிணை. பெட்டி அவர் கையில் இருக்கும் வரை நீங்கள் அவர் பின்னால்தான் போயாக வேண்டும். கள்ளிக் கட்டையில் செய்த தேவாலயக் கதவையும், ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்று ஒரு கண்ணை மூடினால் பிஷப் போலத் தெரியும் பாறையையும், புகை வராத எரிமலையையும், அந்தப் புகை போன வருஷம் எந்தத் திசையில் வந்தது என்பதையும் பார்த்து முடித்த பிறகுதான் அவர் வீட்டு விருந்தாளி அறையின் கதவு திறக்கும். தாகம் என்று சொல்லிப் பாருங்கள். ஊற்றைக் காட்டுவார்.

அவரிடம் இரண்டே வசனங்கள்தான். ஒன்று, "இன்னும் கொஞ்ச தூரந்தான்." மற்றொன்று, "இதப் பாக்காம போனா நீங்க வந்ததே வீண்." இவற்றை வைத்துக்கொண்டு அவர் எத்தனையோ பேரை நொண்ட வைத்திருக்கிறார்.

இந்த இனத்துக்கு இன்னொரு குணம் உண்டு. காட்டும் பொருளைப் பார்ப்பார்களே தவிர, யாருக்குக் காட்டுகிறார்களோ அவரை ஒருபோதும் பார்ப்பதில்லை. விருந்தாளி முகம் வெளுத்ததா, செருப்பு அறுந்ததா, அதெல்லாம் காட்சியில் சேராது.

சென்ற பருவத்தில் டாக்டர் அல்பா ஓயார்சூன் என்ற அம்மாள் வந்தார். தெற்கே, வருஷம் முழுக்க மழை கொட்டும் ஊரில் பல் மருத்துவர். பிறர் வாய்க்குள் எட்டிப் பார்த்தே வயதானவர். எதையும் எட்டிப் பார்க்காமல் ஒரு வாரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், அதற்குத்தான் வந்தேன் என்று தெளிவாகவே சொன்னார். எவரிஸ்டோ மிகுந்த அக்கறையோடு தலையாட்டினார். உட்காருவதற்கு அருமையான ஓர் இடம் இருக்கிறது, நடந்தே போய்விடலாம் என்றார்.

இங்கே தண்ணீரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் வாய்க்கால் ஒவ்வொரு வீட்டுக்கும் முறை வைத்துத்தான் பாயும். மணிக்கூண்டின் நிழல் கரைக்கல்லைத் தொட்டதும், முறை பார்த்துத் தண்ணீர் பங்கிடுகிற நீர்க்கட்டி பெலிசாரியோ அந்த வீட்டு மடையருகில் நின்று மூன்று தரம் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஆள் வந்தால் மடை திறக்கும். வராவிட்டால் தண்ணீர் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். அண்ணன் தம்பியானாலும் ஒருவர் மடையை இன்னொருவர் தொடக் கூடாது, தொட்டால் அது திருட்டு. முந்தின இரவு அந்த வீட்டில் படுத்து, அந்த வீட்டு அடுப்பில் சாப்பிட்டவர் மட்டுமே அந்த வீட்டு ஆள்.

எவரிஸ்டோவின் மக்காச்சோளம் அப்போது பால் பிடிக்கும் பருவம். அந்த முறை தவறினால் கதிர் அத்தனையும் பதர்தான். வருஷச் சாப்பாடும் போச்சு, விதையும் போச்சு. அவர் மனைவி எர்மெலிண்டா, தங்கையின் பிரசவத்துக்காகக் கலாமா நகரத்துக்குப் புறப்பட்டபோது, பேருந்துப் படியில் நின்று இதை மட்டும்தான் சொன்னாள். "வியாழக்கிழமை நம்ம முறை. ஊருக்கெல்லாம் மலையக் காட்டு, வேணாங்கல. அன்னிக்கு மட்டும் நிழலைப் பாரு."

வியாழக்கிழமை வந்தது. சூரியன் இறங்கும் நேரமும் வந்தது. எவரிஸ்டோ எங்கே இருந்தார் என்று நீங்கள் கேட்கவே வேண்டாம். டாக்டரைக் கூட்டிக்கொண்டு மேட்டின் மேல் இருந்தார். ஊரில் உள்ள எல்லாவற்றையும் காட்டத் தெரிந்தவர், தாம் பார்க்க வேண்டிய ஒரே ஒரு நிழலைப் பார்க்கவில்லை.

அடுத்த முறை என்னுடையது. அதனால் மண்வெட்டியோடு கரையில் நின்றேன். உள்ளதைச் சொன்னால், அந்தச் சோளத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. என் காலோ ஏற்கெனவே என் மடையின் பக்கம் திரும்பியிருந்தது. பெலிசாரியோ முதல் தரம் கூப்பிட்டார். யாரும் இல்லை. இரண்டாம் தரம் கூப்பிட்டார். எவரிஸ்டோ வீட்டு வேலமரத்தடியில், சுவரோரமாகக் கிடந்த முக்காலியிலிருந்து ஒரு தலை எழுந்தது.

மேட்டில் எவரிஸ்டோ மேற்கே திரும்பி ஒவ்வொரு நிறமாக விளக்கிக்கொண்டிருந்தபோது, டாக்டர் கிழக்கே திரும்பி இறங்கி வந்துவிட்டிருக்கிறார். வந்த நாளிலிருந்து அன்றுதான் உட்கார்ந்தார், அதுவும் அப்போதுதான்.

பெலிசாரியோ அவரைக் கேட்டார், "ராத்திரி இந்த வீட்லயா படுத்தீங்க?"

"படுத்தேன். விடியறதுக்குள்ள எழுப்பிட்டாரு."

"சாப்பிட்டது?"

"இங்கதான். நின்னுகிட்டே."

"அப்ப நீங்க இந்த வீட்டு ஆளு. மடையத் தெறங்க."

எர்மெலிண்டாவின் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு டாக்டர் சேற்றில் இறங்கினார். என் மண்வெட்டியை நானே கொடுத்தேன், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பாத்தியை எப்போது வெட்டிவிடுவது என்று கரையில் நின்றபடியே சொன்னேன். ஒவ்வொரு வரிசையாகத் தண்ணீர் ஏற ஏற அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை எந்தப் பாறையும் அவருக்குத் தந்ததில்லை. தங்கள் ஊரில் தண்ணீரைப் போ போ என்று விரட்டித்தான் பழக்கம், வா என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை என்றார்.

கடைசிப் பாத்தி நனையும்போது எவரிஸ்டோ ஓடி வந்தார். மேட்டில் ஒரு பல் மருத்துவரைத் தொலைத்துவிட்டு, பாறை பாறையாகப் பெயர் சொல்லிக் கூவித் தேடிவிட்டு வந்திருந்தார். முழங்கால் வரை சேற்றோடு நின்ற டாக்டரைப் பார்த்தார். தளும்பத் தளும்பத் தண்ணீர் நின்ற தம் வயலையும் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். நன்றி சொல்லப் போகிறார் என்றுதான் நானும் நினைத்தேன்.

"அந்தக் கடைசிச் செவப்பப் பாக்காம விட்டுட்டீங்களே டாக்டரம்மா" என்றார்.

எர்மெலிண்டா ஊர் திரும்பி, சோளத்தையும் பார்த்து, சங்கதியையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, டாக்டருக்கு நாற்காலி போட்டாள். புருஷனிடம் திரும்பி, "நீ போய் மலையப் பாத்துக்க. வந்தவங்கள நான் பாத்துக்கறேன்" என்றாள்.

அவர் திருந்தினாரா? காட்சியைக் கூட்டினார். இப்போதெல்லாம் முறைத் தண்ணீர் பாய்வதையும் காட்டுகிறார். என் முறை அன்று நான் குனிந்து மடை திறக்கும்போது, பின்னால் ஒரு கூட்டம் நிற்கிறது. "கொஞ்சம் மெதுவாத் தெறங்க, பின்னாடி இருக்கறவங்களுக்கும் தெரியணும்ல?" என்கிறார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. போன தடவை உங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தாரே, இரவெல்லாம் பயணம் செய்து, கையில் பையோடு. புது மாடியறையையும், அங்கே தெரியும் கோபுரத்தையும், பையன் பந்தயத்தில் வாங்கிய கோப்பையையும் காட்டுவதற்கு முன்னால், அவரை உட்காரச் சொன்னீர்களா? நினைவில்லையா? அப்படியானால் கொஞ்சம் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். உங்கள் மடையருகிலும் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது போலிருக்கிறது. இரண்டு தரம் ஆகிவிட்டது.