முன் சக்கரத்துக் காற்று

ஷிப்ட் முடிந்ததும் கம்பெனி சைக்கிள் ஷெட்டில் எலியாஸ் சைக்கிளின் முன் சக்கரத்தை அழுத்திப் பார்த்தார். கட்டைவிரல் கொஞ்சம் உள்ளே போயிற்று.

ஐந்து மணிக்கு மகள் பிரிஸ்கில்லாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஜேக்கப், இதே ஆம்பூர் ஷூ கம்பெனியில் பேக்கிங் செக்ஷன். நேரம் தவறுகிறவர்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காத மனிதர். போயும் போயும் இன்றைக்கா காற்று இறங்கவேண்டும்?

பள்ளிக்கூடத்தில் பிரிஸ்கில்லாவுக்குக் கொடுத்த இலவச சைக்கிள். பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் அது அப்பாக்களுக்கு வந்து சேருவது ஊர் வழக்கம். ஷெட்டில் பாதி அந்த ரகம்தான்.

கேட்டிலிருந்து செக்யூரிட்டிப் பெண் குர்ஷித் எட்டிப் பார்த்தார். "அண்ணே, அந்த சைக்கிள்..."

"தெரியும்மா, காத்து கம்மி. பாத்துக்கறேன்."

கட்டிங் செக்ஷன் கோபி ஓடிவந்து, டயருக்குக் காற்றடிக்கும் கட்டைவிரல் அளவு கேஸ் சிலிண்டரை நீட்டினான். "இன்னா சார், ஒரே திருகு. டயர் கல்லு மாதிரி ஆயிடும்."

திருகினார்கள். புகை வந்தது, அதன் குளிரில் எலியாஸின் விரல் விறைத்தது. இருந்த காற்றும் அதோடு போய்விட்டது.

"கேஸெல்லாம் பேஜார், தோஸ்த்," என்று ஹயாத் பாஷா தன் மடக்குக் கால் பம்பைப் பிரித்தார். நாலு மிதி மிதித்ததும் வால்டியூப் ரப்பர் கிழிந்தது. நல்லவேளை, அவரே வேறொன்று மாட்டிவிட்டார்.

"அண்ணே, ஒரு நிமிஷம்..." என்றார் குர்ஷித்.

"சும்மா இரும்மா, மானம் போவுது இங்க."

சூப்பர்வைசர் ஷர்மிளா தன் காரிலிருந்து பேட்டரி பம்பைக் கொண்டுவந்தார். "பட்டனை அழுத்துங்க. போதும்னா அதுவே நின்னுடும்."

சக்கரம் உப்பியது. எலியாஸ் முகத்தில் கல்யாணக்களை வந்தது. சக்கரம் மேலும் உப்பியது. பம்பு நிற்கிற வழியாக இல்லை.

டமார்.

ஷெட்டே அதிர்ந்தது. டியூப் நார் நாராய்த் தொங்கியது, டயரும் வாய் பிளந்துவிட்டது. ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டதே என்று எலியாஸ் தரையில் உட்கார்ந்துவிட்டார். கோபி சிலிண்டரைப் பாக்கெட்டில் ஒளித்துக்கொண்டான்.

"போச்சு, என் பொண்ணு கல்யாணம் போச்சு," என்றார் எலியாஸ்.

குர்ஷித் மெதுவாகப் பக்கத்தில் வந்தார். "அதத்தாண்ணே அப்போலேந்து சொல்ல வர்றேன். உங்க எடத்துல வேற சைக்கிள் நிக்குதுன்னு காலைல நீங்கதான உங்க சைக்கிள பின்னாடி வுட்டீங்க? அது நல்லாத்தான் இருக்குது. இது ஜேக்கப் அண்ணனுது. உங்க வூட்டுக்குக் கெளம்பணும்னு உள்ள மூஞ்சி கழுவிக்கினு இருக்காரு."