காதுகுத்துக்கு விமானத்தில் போன மாமன்

ஒரு காட்டில், நத்தைக்காடு என்று பெயர், விமான நிலையம் ஒன்று இருந்தது. ஏன் இருந்தது என்று கேட்காதீர்கள். பக்கத்துக் கொக்குமேட்டுக் காட்டில் ஒன்று கட்டிவிட்டார்களே, இவர்கள் சும்மா இருப்பார்களா! கொக்குமேட்டுக்குத் தூரம் தொண்ணூறு கிலோமீட்டர், பயண நேரம் இருபத்தைந்து நிமிடம் என்று வாசலில் பெரிய பலகை வேறு.

அந்தக் காட்டில் பொன்னுரங்கம் என்றொரு நாரை. கொக்குமேட்டில் வாக்கப்பட்ட அவன் தங்கை செவந்தியின் குஞ்சுக்குக் காதுகுத்து. நாரைக்கு ஏது காது என்கிறீர்களா? அவர்கள் வீட்டு வழக்கம், நமக்கென்ன வந்தது! பத்தரை மணி முகூர்த்தத்தில் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். மாமன் வராவிட்டால் அந்த உரிமை வேறு எவனுக்காவது போய்விடும். ஆயுசுக்கும் போனது போனதுதான்.

இறக்கை அடித்தே போனால் இரண்டு மணி நேரம். 'தாய்மாமன் வேர்த்து விறுவிறுத்துப் போய் இறங்கினால் மாப்பிள்ளை வீட்டில் என்ன மரியாதை இருக்கும்?' என்று யோசித்த பொன்னுரங்கம், எட்டு மணி விமானத்தில் ஏறி உட்கார்ந்தான்.

பலகை பொய் சொல்லவில்லை. சரியாக இருபத்தைந்தாவது நிமிடம் கொக்குமேடு வந்தது, ஜன்னலுக்கு நேர் கீழே, பதினெட்டாயிரம் அடி ஆழத்தில். காதுகுத்துப் பந்தல்கூடத் தெரிந்தது. விமானம் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

"ஏம்மா, என் தங்கச்சி ஊரு போகுதே!" என்று அலறினான்.

பணிப்பெண் மைனா புன்னகைத்தாள். "நேரடி விமானம் கிடையாது சார். தலைநகரம் போய், அஞ்சு மணி நேரம் காத்திருந்து, வேற விமானம் மாறி வரணும்."

"பலகையில இருபத்தஞ்சு நிமிஷம்னு போட்டிருக்கே?"

"நேரா பறந்தா ஆகிற நேரம் சார் அது. நாங்க நேரா பறக்கிறதில்லை."

"அப்ப கதவைத் திறம்மா, நானே பறந்து போய்க்கிறேன்."

"விமானத்துக்குள்ள சொந்த இறக்கையை விரிக்கக் கூடாது சார். பெல்ட்டைப் போடுங்க."

பொன்னுரங்கத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

கொக்குமேட்டில் இறங்கியபோது மாலை நாலு மணி. ஓடிப்போய்ப் பார்த்தால் குஞ்சுக்குக் கம்மல் மின்னுகிறது! நத்தைக்காட்டிலிருந்து ஒரு மாதத்துக்கு முன்பே நடக்கத் தொடங்கிய ஆமை மாடசாமி, பத்து மணிக்கே வந்து சேர்ந்துவிட்டாராம். மாமனைக் காணோமே என்று அவர் மடியிலேயே வைத்துக் குத்திவிட்டார்கள்.

மாப்பிள்ளை நாரை கொதித்துக்கொண்டு வந்தார். "இதான் வர்ற நேரமா? எதுலய்யா வந்தே, கட்டை வண்டியிலயா?"

"பிளைட்டுல," என்றான் பொன்னுரங்கம், தலையைக் குனிந்தபடி.

பந்தலே எழுந்து நின்றது.

"பிளைட்டா! அடடா, வாங்க மச்சான், வாங்க! முதல்லயே சொல்லக் கூடாதா?"

போன மேளக்காரரைத் திருப்பிக் கூப்பிட்டார்கள். ஜோசியரை உலுக்கி நாலரை மணிக்குப் புது முகூர்த்தம் வாங்கினார்கள். போட்ட கம்மலைக் கழற்றி, பொன்னுரங்கத்தின் மடியில் வைத்து, பழைய ஓட்டைக்குப் பக்கத்திலேயே புது ஓட்டை போட்டார்கள். குஞ்சு வீல் என்று கத்தியது. பந்தியில் முதல் இலை பிளைட் மாமனுக்கு.

"நடந்து வந்தவர்தானே? அப்படியே கொஞ்சம் நடந்து போய் ஒரு குடம் தண்ணி எடுத்துட்டு வாங்க," என்று மாடசாமியை அனுப்பிவிட்டார்கள்.

நீதி: நேரத்துக்கு வந்து சேர்ந்தவனை எதில் வந்தாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. ஆகையால் விமானத்தில் போகிறவர்கள் தாமதமாகவே போய்ச் சேர வேண்டும்.