இந்தக் கெடு முடியட்டும்

மாற்றத்தை எதிர்ப்பவர்களைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அவர்கள் பாவம், நேர்மையானவர்கள். கணினி வேண்டாம் என்றால் வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். நான் சொல்ல வருவது மாற்றத்தை முழு மனதோடு ஆதரிக்கிறவரைப் பற்றி. மாறாவிட்டால் நம் தொழில் அழிந்துவிடும் என்று மேடையில் பேசுவார். எர்ணாகுளம் ஓட்டலில் கருத்தரங்கு என்றால் முதல் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டுவார். கேட்டதை எல்லாம் ஆபீசுக்கு வந்து ஆவேசமாக ஒப்பிப்பார். எப்போது தொடங்கலாம் என்று கேட்டால் மட்டும் குரல் தணியும். "இந்தக் கெடு முடியட்டும்."

இவரை நீங்கள் வக்கீல் ஆபீசில் பார்த்திருக்கலாம், கட்டட வரைபடம் போடும் இடத்தில் பார்த்திருக்கலாம். நான் பார்த்தது கொச்சியில், மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், சுக்கு மூட்டை வாசனை ஏறிவரும் மாடியில். ஆடிட்டர் லக்ஷ்மிநாராயணன். ஊருக்கெல்லாம் சாமி.

ஆடிட்டர் தொழிலில் ஒரு வசதி உண்டு. அங்கே கெடு என்பது முடிவதே இல்லை. வருமான வரிக் கெடு போனால் தணிக்கைக் கெடு, அது போனால் ஜி.எஸ்.டி. கெடு, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. அதிலும் பேரின்பம் எது தெரியுமா? நீட்டிப்பு! கடைசி நாளன்று இணையதளம் படுத்துவிடும், நாடெங்கும் ஆடிட்டர்கள் கூக்குரல் இடுவார்கள், சாயங்காலம் அரசாங்கம் மனமிரங்கித் தேதியைத் தள்ளிப் போடும். சாமி உடனே கீழே சேட்டன் கடையிலிருந்து எல்லாருக்கும் பருப்பு வடையும் சாயாவும் வரவழைப்பார். பிள்ளை பிறந்த வீடு தோற்றுவிடும். இப்படியே முப்பது வருஷம் வாழ்ந்த மனிதர், உலகத்தில் எந்தத் தேதியும் கடைசி நேரத்தில் நகர்ந்து கொடுக்கும் என்று நம்பினால் அது அவர் குற்றமா?

அவருடைய மிகப் பழைய வாடிக்கையாளர் நைனா முகம்மது, மிளகும் ஏலமும் ஏற்றுமதி செய்பவர். முழங்கால் வலி வந்து அவர் வீட்டோடு தங்கியதும் மகள் ஹாதியா வியாபாரத்துக்கு வந்தாள். ஓணம் சமயத்தில் ஒருநாள் சாமிக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"சாமி, ரிட்டர்ன் போடறதுக்கு இப்பம் ஒரு சாஃப்ட்வேர் போதும். எனக்கு வேண்டியது வேற. எந்த நாட்டுக்கு அனுப்பினா லாபம், எதில கை சுடுது, மாசாமாசம் போன்ல பாத்தா தெரியணும். வருஷம் கழிஞ்சு சொல்லி என்ன பிரயோஜனம்?"

"பேஷாப் பண்ணலாம், கேட்டயோ மோளே. இனி ஆலோசனைதானாக்கும் நம்ம தொழிலே. நான் மீட்டிங்ல சொன்னதும் இதான்." சாமிக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "இந்த டியூ டேட் ஒண்ணு கழியட்டும்."

"காக்கநாட்டு ஐ.டி. பார்க்கில ரெண்டு பேர் செஞ்சு தரேன்னு வந்திருக்காங்க. வாப்பாவோட ஆளு நீங்க, அதனால உங்ககிட்ட கேக்கறேன். நோம்பு தொடங்கறதுக்குள்ள தாங்க."

நோம்புக்கு மாதங்கள் கிடந்தன. சாமியின் மகள் ஸுப்ரியாவும் அதே ஆபீசில் ஆடிட்டர்தான். ஹாதியா கேட்டதை வாரக்கணக்கில் உட்கார்ந்து தயார் செய்துவைத்தாள். சாமி ஒருமுறை பார்த்துச் சரி சொன்னால் போதும். அவரும் பார்க்கத்தான் நினைத்தார். தணிக்கை முடியட்டும் என்றார், முடிந்தது. ஆண்டு அறிக்கை முடியட்டும் என்றார், அதுவும் முடிந்தது.

"அப்பா, அவ சும்மா சொல்லலை. போயிடுவா."

"நைனாவோட மோளாக்கும் அவ. ஸ்கூல் யூனிஃபார்ம்ல இங்கே வந்து மிட்டாய் தின்னவ. எங்கே போவா? கொஞ்சம் பொறுத்துப்பா."

நோம்புக்கு முந்தின நாளும் வந்தது. இங்கேதான் விதியின் விளையாட்டைப் பாருங்கள். அன்று மாலை கடற்கரையில் பிறை தென்படவில்லை. நோம்பு ஒருநாள் தள்ளிப் போயிற்று. வானமே நீட்டிப்பு கொடுத்தால் சாமி என்ன செய்வார்? சொல்லுங்கள் பார்ப்போம். அந்த ஒருநாளில் ஸுப்ரியாவின் வேலையைப் பார்த்து முடித்தார் என்கிறீர்களா? வடை வரவழைத்தார்.

மறுநாள் காலை நோம்பு தொடங்கியதும் சாமி உற்சாகமாகப் போன் செய்தார். "மோளே, நோம்பெல்லாம் நல்லபடியா நடக்கட்டும். நம்ம காரியம் பெருநாள் கழிஞ்சு வெச்சுப்பமே?"

ஹாதியா மரியாதையாகவே சொன்னாள். "சாமி, தப்பாத் தோணக்கூடாது. நேத்து ராத்திரியே வேலையைக் காக்கநாட்டுக்காரங்களுக்குக் கொடுத்தாச்சு. நோம்பு நமக்காகக் காத்து நிக்குமா? பெருநாளைக்கு வீட்டுக்கு வாங்க, வாப்பா தேடுவாங்க."

சாமிக்கு வலித்தது. பணம் போனதைவிட, தன்னிடம் ஒரு பெண் தேதி சொல்லி, சொன்ன தேதியிலேயே நின்றுவிட்டாளே என்ற திகைப்புதான் அதிகம் வலித்தது. இப்படியும் உண்டா? நீட்டிப்புச் சுற்றறிக்கை ஒன்றுகூட இல்லாமல்? அரை நாள் சாயாகூட வரவழைக்கவில்லை. ஆபீசே பயந்துவிட்டது.

சாயங்காலம் தன் நாற்காலியைத் தானே இழுத்துக்கொண்டு போய் மகளுக்குப் பக்கத்தில் போட்டார். "ஹாதியாவுக்குப் பண்ணினதை எடு. மத்தவாளுக்காவது நாமளே போய்க் காட்டலாம். யாராவது கேக்கறவரை காத்துண்டிருக்க வேண்டாம்."

ஸுப்ரியா அவரை நம்பாமல் பார்த்தபடியே திரையைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து சாமியின் போன் 'டிங்' என்றது. ஏதோ ஒரு படிவத்துக்குக் கெடு பதினைந்து நாள் நீட்டிப்பு! அவர் கண் ஒளிர்ந்தது. கை தானாகக் கீழே சேட்டன் கடைப் பக்கம் நீண்டது.

"அப்பா."

சாமி பெருமூச்சு விட்டார். போனைக் கவிழ்த்து வைத்தார். நான் அங்கிருந்து கிளம்பியபோது அது கவிழ்ந்தபடிதான் இருந்தது, அதற்குமேல் என்னால் உத்தரவாதம் தர முடியாது.

அவரை நினைத்துச் சிரிக்கிறீர்கள், நல்லது, தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் ஒன்று யோசித்துப் பாருங்கள். உங்களிடம் ஒருவர் வெகுநாளாக ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தார். வாடிக்கையாளராக இருக்கலாம், கூட வேலை செய்கிறவராக இருக்கலாம், உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். கொஞ்ச காலமாக அவர் கேட்பதில்லை. கெடுவை நீட்டித்துவிட்டார் என்றுதானே நீங்கள் நிம்மதியாக இருக்கிறீர்கள்?