‘தேறியது’ என்று நான் ஒட்டிய ஸ்டிக்கர்

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் நலம். எங்களிடம் விட்டுப்போன உன் மகள் சிட்டுவும் நேரத்துக்குச் சாப்பிடுகிறாள், பள்ளிக்குப் போகிறாள். அங்கே உன் வேலைப் பயிற்சி நல்லபடியாக நடக்கும் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். நடுவில் நீ ஒரு கேள்வி கேட்டால் நான் பொய்க்குத் தாவிவிடுவேன், அதனால்தான் காகிதம்.

கிளம்பும்போது ஒரே ஒரு பொறுப்பைத்தான் என்னிடம் விட்டுப்போனாய். போன வருஷம் வாங்கிய ரிமோட் கார் முதல் நாளே உடைந்ததிலிருந்து, தன் கை பட்டால் எதுவும் உருப்படாது என்று சிட்டு நினைத்துக்கொண்டிருக்கிறாள். தண்ணீர் டம்ளரைக்கூட இரண்டு கையால் பிடிக்கிறாள். ஆகவே லேசில் உடையாத பந்தய வண்டியாகப் பார்த்து வாங்கிக் கொடு, சூட்கேஸ் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷமாக எது உடையும் எது உடையாது என்று சோதிக்கிற ஆள் நீதானே என்றாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

கடைக்குப் போனேன். இந்த வகை வண்டிக்கு பக்கி என்று பெயராம், நான் யாரையும் திட்டவில்லை. எல்லாமே அலுமினியத்தில் இருக்கிற வண்டியாகக் கேட்டேன். கடைக்காரர் நிதானமான மனிதர். புதிதாக ஓட்டுகிற பிள்ளைக்கு நைலான்தான் சரி, அது வளைந்து திரும்பிவிடும், உலோகம் வளைந்தால் வளைந்ததுதான் என்றார். ரிமோட்டில் வேகத்தைப் பாதியாக்கும் பொத்தான் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். கடைசியில், “உடையாத வண்டின்னு ஒண்ணு கிடையாது சார். உடைஞ்சா பார்ட்ஸ் கிடைக்குதா, அத மட்டும் பாருங்க” என்றார். எனக்கே பாடமா என்று அவர் முகத்துக்கு நேரே சிரித்தேன். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது.

ஆனாலும் அவர் சொன்ன நைலான் வண்டியையே வாங்கினேன். வாங்கிய கையோடு சிட்டுவிடம் கொடுத்திருக்கலாம். சோதிக்காத சாமான் எதுவும் என் கையைத் தாண்டிப் போனதில்லை, என்ன செய்வது. தொழிற்சாலைக்கு எடுத்துப்போனேன். சூட்கேஸை மூலைக்கு ஒரு தடவை போடுவது போல, வண்டியைச் சக்கரத்துக்கு ஒரு தடவை இடுப்பு உயரத்திலிருந்து போட்டேன். தாங்கியது. தோள் உயரத்திலிருந்து போட்டேன். அதையும் தாங்கியது. கூடி நின்றவர்கள் போதும் விடுங்கள் என்றார்கள். எனக்குத்தான் கை அரித்தது, ஏணியில் ஏறி அங்கிருந்தும் போட்டேன். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற நைலான் கை டக் என்றது. மெல்லிய விரிசல். கடைக்குப் போய் வேறு கை வாங்கலாம்தான், ஆனால் அந்த மனிதர் முகத்தில் எப்படி விழிப்பது? பசையை வைத்து அழுத்தினேன். பசை தெரியாமலிருக்க, மேலே எங்கள் தொழிற்சாலையின் ‘தேறியது’ ஸ்டிக்கரை ஒட்டினேன். வீட்டில் உன் அண்ணி அதைப் பார்த்துவிட்டு, “பிள்ளைக்கு வாங்கினீங்களா, விமானத்துல ஏத்த வாங்கினீங்களா?” என்று கேட்டாள். நான் பேச்சை மாற்றினேன்.

சனிக்கிழமை காலை, ஆளில்லாத கார் நிறுத்துமிடத்தில் ஓட்டினாள். பாதி வேகத்தில்தான், அவ்வளவு ஜாக்கிரதையாக. நாலாவது திருப்பத்தில் சக்கரம் தன் பாட்டுக்கு உருண்டு போயிற்று. அவள் அழவில்லை. வண்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, “என் கை ராசி அப்படித்தான் மாமா” என்றாள். அப்பவாவது நான் வாயத் திறந்திருக்கணும். திறந்தேன், திறந்து என்ன சொன்னேன் தெரியுமா, பரவால்லம்மா, அடுத்த தடவ பாத்து ஓட்டுன்னு சொன்னேன். பத்து வயசுப் பிள்ளை தலையில என் தப்பத் தூக்கி வச்சிட்டு, வர்ற வழியில ஐஸ்கிரீம் வேற வாங்கிக் குடுத்தேன். உடைச்சதுக்கு எதுக்கு மாமா ஐஸ்கிரீம்னு கேட்டா. எனக்கு அந்த இடத்துலயே பூமி பிளந்து உள்ள போயிடலாம்போல இருந்துச்சு.

ஆகவே நீதான் அவளிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். மூன்று நாளாக அவள் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. சாப்பிடும்போது தட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீ பயிற்சியில் முதலாவதாக வர வாழ்த்துகிறேன். என் வாழ்த்துக்கு இப்போது என்ன மதிப்பு என்று தெரியவில்லை, இருந்தாலும் வைத்துக்கொள்.

வெட்கத்துடன்,
அண்ணன்

பி.கு.: மேலே உள்ள எதையும் நீ படிக்கவில்லை. உறையை ஒட்டப் போகும் நேரத்தில் சிட்டு வந்தாள். வண்டியைச் சரிசெய்யலாமே என்று ஸ்டிக்கரை உரித்திருக்கிறாள், அடியில் பசை. “அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன் மாமா. நீங்களும் சொல்லாதீங்க, உங்களுக்குத்தான் கூச்சமா இருக்கும்” என்றாள். சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். ஆனால் நாலு பக்கம் எழுதியதைக் கிழிக்க மனசு வரவில்லை. இருவருமாகக் கடைக்குப் போய்ப் புதுக் கை வாங்கினோம், அவளே மாட்டினாள். பிறகு அந்த ஸ்டிக்கரை என் சட்டைப்பையில் ஒட்டி, ரிமோட்டைக் கொடுத்து, பயப்படாமல் ஓட்டச் சொன்னாள். நான் பாதி வேகப் பொத்தானை மறந்து நேராகச் சுவரில் விட்டேன். வண்டியின் மறுபக்கத்துக் கை போயிற்று. சிட்டு தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு எழுந்து வந்து, என் சட்டையிலிருந்து ஸ்டிக்கரைப் பிய்த்து எடுத்துக்கொண்டாள். “அடுத்த வாரம் மறுபடி பாக்கலாம் மாமா” என்றாள்.